அஞ்சு கிலோ

"காத்துப் பறிஞ்சதா நானா?"
பதினெட்டுப் பேர் கிடக்கும் வாட்டில்
நேர்ஸ் சத்தமாகத்தான் கேட்டாள்.
திரும்பிப் படுக்கவும் ஏலாது.
இல்லை என்றேன், மின்விசிறியைப் பார்த்து.
"அப்ப இண்டைக்கும் கஞ்சித் தண்ணிதான்."

மறுநாள் சுபஹு பாங்கோடு பறிந்தது.
பக்கத்துக் கட்டில் கல்லாற்று மாஸ்டர்
கண்ணைத் திறக்காமலே
"சந்தோசம்" என்றார்.

ஆறு கிழமைக்கு
அஞ்சு கிலோவுக்கு மேல் தூக்கப்படாது என்று
துண்டு எழுதி விட்டார்கள்.
எனக்கு அஞ்சு கிலோவைத் தெரியாது.
இருபத்தாறு வருசம் சம்மாந்துறை மில்லில்
அறுபத்தஞ்சைத் தெரியும்.
ஈர நெல்லென்றால் எழுபத்திரண்டு,
அது பிடரியில் எந்த எலும்பில் குந்தும் என்றும் தெரியும்.
பரீதா கிணற்றடியில் காட்டினாள்:
அரை வாளித் தண்ணி.
காட்டிவிட்டு அதையும் அவளே தூக்கிப் போனாள்.

சுகம் பார்க்க வந்தவர்கள்
ஆளுக்கொரு சாப்பாட்டைத் தடுத்துவிட்டுப் போனார்கள்.
முட்டை கிரந்தி. இறால் கிரந்தி.
கத்தரிக்காயைக் கேட்கவே தேவையில்லை.
மூத்த மச்சான் ஒரு பை தோடம்பழம் தந்து
"தின்னாத, சளி பிடிக்கும்" என்றான்.

பரீதா கிளினிக் கொப்பியை விரித்தாள்.
டொக்டரின் வாயைப் பார்த்து அவள் எழுதியது:
முட்டை, மீன், பருப்பு – தையல் பொருந்த.
கீரை, பப்பாசி, நிறையத் தண்ணி –
முக்கப்படாது.
முக்கப்படாதுக்குக் கீழே
இரண்டு கோடு.

பகலுக்குக் களப்பு மணலையில் பால் ஆணம்,
உறைப்பில்லாமல்.
முருங்கை இலைச் சுண்டல், தவிட்டரிசிச் சோறு.
அவித்த முட்டையை மச்சான் முன்னாலேயே
உரித்து வைத்தாள்.
நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தின்றேன்.

சிகரெட்டை விடச் சொல்லி
துண்டிலும் இருந்தது. நான் வாசிக்கவில்லை.
நாலாம் நாள் இரவு ஒரு இருமல் வந்தது.
தலையணையை வயிற்றில் அமத்திக்கொண்டு
சுவரைப் பிடித்தேன்.
மில்லுத் தராசில் ஏற்றியிருந்தால்
எழுபத்திரண்டுக்கு மேலே போயிருக்கும்.
விடிய, பெட்டியில் மிச்சமிருந்த பதினொன்றை
கோழிக்கூட்டுக்குப் பின்னால் நசுக்கினேன்.
ஒன்பதை.
மற்ற இரண்டும் அடுத்த கிழமை.

பின்னேரங்களில் வாய்க்கால் கட்டால் நடை.
முதல் நாள் ஹாஜியார் வளவு வேலி மட்டும்.
பிறகு மதகு மட்டும்.
நெல் மூட்டையோடு ட்ரக்டர் போகும்.
ஜவ்பர் ஹோன் அடிப்பான்.
என் முதுகு தானாகக் குனியும்,
பெட்டியைக் கண்ட மாடு மாதிரி.
நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.
பள்ளியில் கதிரையில் இருந்து தொழுதேன்.
ஜமாஅத்தில் ஒருவரும் பார்க்கவில்லை,
எல்லாரும் பார்த்த மாதிரித்தான் இருந்தது.

அஞ்சாம் கிழமை கடைக்குப் போனோம்.
தட்டில் எங்கட மில் அரிசி, சின்னப் பையில்.
மேலே எழுதியிருந்தது, அஞ்சு கிலோ.
இரண்டு கையாலும் எடுத்து
நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

"வைங்க கீழ."
"அஞ்சு கிலோதானே பரீதா."

"பையோட சேர்த்து?" என்றாள்.