அடைப்புக்குறிக்குள் ஒரு ரயில்

கீல் நகரம். நவம்பர். பதினோராம் இரவு.
சன்னலுக்கு அப்பால் கடல் இருக்கிறது என்று
நம்பிக்கொள்ள வேண்டும்;
கண்ணாடியில் தெரிவது நாங்கள்தான்,
பதினான்கு பேரும் ஒரு காபிக் குடுவையும்.

கோப்பைக் காப்பது என் வேலை.
ஒப்புக்கொண்டதெல்லாம் கறுப்பில்.
பச்சைக் கட்சி கேட்பது பச்சையில்.
கறுப்புக் கட்சி கேட்பது நீலத்தில்,
கறுப்பு ஏற்கெனவே செலவாகிவிட்டதால்.
ஒத்துவராதது சதுர அடைப்புக்குறிக்குள்.
முதல் வாரம் பக்கம் முழுக்கச் சதுரங்கள்,
வாடகை அறைகள்போல,
ஒவ்வொன்றிலும் ஒரு சண்டை குடியிருந்தது.

கணக்கு எளியது.
நாற்பத்தொன்று இருந்தால் ஆட்சி.
அவர்களிடம் முப்பத்திரண்டு, இவர்களிடம் ஒன்பது.
ஒருவருக்குச் சளி பிடித்தால்
அரசே தும்மும்.

இன்றைக்கு மிச்சம் ஒரே சதுரம்.
பக்கம் 63, வரி 2114:
[நோர்டர்ஹோல்ம் கிளைப் பாதையில்
பயணிகள் ரயிலை மீண்டும் ஓட்டுவோம்.]
பத்தொன்பது கிலோமீட்டர்.
தண்டவாளத்துக்கு நடுவில் பிர்ச் மரம்
ஆளுயரம் நிற்கிறது. படம் காட்டினார்கள்.

ஹென்ரிக்கே லோரென்சன்
அந்த ஒரு வரிக்காகவே அரசியலுக்கு வந்தவர்.
வீடு வீடாக மணியடித்து
ரயில் வரும் என்று வாங்கிய வாக்கு.
எதிரே டெட்லெஃப் ப்ரோடர்சன்,
முன்னாள் துறைமுகக் கணக்கர்,
பென்சில் சீவியபடியே 'இல்லை' என்பவர்.

'ஓட்டுவோம்' வேண்டாம்,
'ஓட்ட விரும்புகிறோம்' போதும் என்றார்.
ஓட்ட முனைவோம்.
ஓட்டும் சாத்தியத்தை ஆராய்வோம்.
விரைந்து ஆராய்வோம்.
நிதிநிலைக்கு உட்பட்டு, விரைந்து.

வினைமுற்றில் புறப்பட்ட ரயில்
பின்னோக்கி நகர்ந்து
வினையெச்சத்தில் நின்றது.

எங்கள் வீட்டில் அப்பா 'பார்க்கலாம்' என்றால்
சைக்கிள் கிடையாது என்று அர்த்தம்.
இந்த ஊரில் அதற்கு மிடுக்கான சொல் உண்டு,
அகராதி அதைப் 'பரிசீலித்தல்' என்கிறது.
பொருள் மட்டும் அப்பாவுடையது.

இரண்டே கால் மணிக்கு இடைவேளை.
தாழ்வாரத்தில் அவர்கள் இருவரும்
ஒரு வாழைப்பழத்தைப் பாதியாக்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.
'மீன்வளத் துறை உங்களுக்கு' என்றார் ப்ரோடர்சன்.
லோரென்சன் தலையாட்டவில்லை.
தோலை எங்கே போடுவது
என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர்
என்னைத்தான் பார்த்தார், மேசையை அல்ல.
"'பரிசீலிப்போம்' என்று போடுங்கள்.
அடைப்புக்குறியை எடுத்துவிடலாம்."

எவ்வளவு சின்ன விசை அது.
இரண்டு முறை அழுத்தினேன்:
இடப்பக்கச் சுவர்.
வலப்பக்கச் சுவர்.

இனி எல்லாவற்றையும் கறுப்பாக்குங்கள் என்றது ஒரு குரல்.
நூற்று நாற்பது பக்கம், ஒரே சொடுக்கு.
பச்சை வரிசைக் கடைசியில் யோஸ்ட்,
பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்த பையன்,
'ஏன் கறுப்பு?' என்றான்.
'மை அந்த நிறந்தான்' என்றேன்.
அறை சிரித்தது.
ப்ரோடர்சன் கொஞ்சம் அதிகமாக.

கைதட்டல். கைகுலுக்கல். படம்.
எல்லோரும் போனபின் லோரென்சன் கேட்டார்:
'முதல் வாரத்துப் பதிப்பு இருக்கிறதா உங்களிடம்,
சதுரங்களோடு?'
அழிக்கச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டே
'இருக்கிறது' என்றேன்.
'இருக்கட்டும்.'
கோட்டுப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

வெளியே வெளுத்திருந்தது.
கடல் அங்கேயேதான் இருந்தது.
நிறுத்தத்தில் நானும் அவரும்.
நோர்டர்ஹோல்முக்குப் பேருந்தில் தொண்ணூறு நிமிடம்,
நடுவில் இரண்டு இடத்தில் மாற வேண்டும்.
கால அட்டவணையை
முதன்முறை பார்ப்பவர்போல வாசித்தார்.

அடுத்த வாரம் அவருக்குக் கார் வரும்,
ஓட்டுநரோடு.