துளையின் விளிம்பு வரை

நீதிபதி வீட்டை எனக்கும்
நாயை எர்மினியோவுக்கும் எழுதினார்.
காரை எப்படிப் பிரிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.
அறுபத்தொன்றாம் வருடத்து பெஜோ,
சாம்பல் நிறம், வலது கதவு மட்டும் வேறு சாம்பல்.
அவனுக்கு ஒரு வாரம், எனக்கு ஒரு வாரம்.
வெள்ளி மாலை சாவி கைமாறும்
கை படாமல்.

இந்த ஜூலைக் குளிரில்
பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது.
ஓலவர்ரியா சிமெண்ட் ஆலைச் சாலையில் இரண்டு முறை
எதிரே வந்த லாரியின் முகம்வரை போய் வந்தேன்.
வலது பின்சக்கரத்தைக் கழற்றினால்
டிரம் முழுக்க எண்ணெய்.
லைனிங் ஊறுகாய்த் துண்டாய் ஊறிக் கிடக்கிறது.

டிஃபரன்ஷியலில் எண்ணெய் குறைந்தால்
ஊளையிட்டுச் சொல்லிவிடும்.
கூடினால் சொல்லாது.
சூடேறிச் சூடேறி
சீலின் உதட்டை மெல்லத் தள்ளிக்கொண்டு
அச்சோடு வெளியே நடந்துவிடும்.

நான்கு முட்டு கொடுத்து
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில்.
பின்பக்கம் மட்டும் தூக்கிப் பார்ப்பவருக்கு
அது பொய்க்கணக்கு காட்டும்.
முதலில் நிரப்பும் மூடி.
எப்போதும் முதலில் நிரப்பும் மூடி.
அது திறக்கும் என்று உறுதியான பிறகே
வடிக்கும் மூடியில் கை வைக்க வேண்டும்.
இருந்ததைக் கொட்டிவிட்டு
நிரப்ப வழியில்லாமல் விழித்தவர்களை எனக்குத் தெரியும்.
அவர்களில் ஒருத்தியின் கையெழுத்து
விவாகரத்துப் பத்திரத்தில் இருக்கிறது.

மூடி அரைச் சுற்றுகூட முடிக்கவில்லை,
முழங்கைவரை வழிந்தது.
முகர்ந்தேன். கந்தகம்.
பதினாறு வருடம் மருந்துக்கடையில் சொறிக்களிம்பு விற்ற மூக்கு,
தப்பாது.
இந்த வண்டிக்குள் சுழல்வது வெண்கலச் சக்கரம்.
கந்தகம் வெண்கலத்தைத் தின்னும்.
கையேட்டில் ஒரே வரி:
ஆமணக்கிலிருந்து எடுத்தது மட்டும்.

தட்டில் வடிந்ததைச் சாய்த்துப் பார்த்தேன்.
அடியில் பொன்தூள் மினுங்கியது.
அழகாக இருந்தது,
அதுதான் எரிச்சல்.

தொலைபேசியில் எர்மினியோ:
ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் ஊற்றுவேனே,
உனக்கு வறண்டுபோகக் கூடாதென்று.
இவன்தான் கற்றாழைக்குத் தினமும் நீர் விட்டவன்.
என் மாத்தேயில் கேட்காமல் மூன்று கரண்டி சர்க்கரை போட்டவன்.
துளி எண்ணி வாழ்பவள் என்று
என்னைப் பற்றி அவன் வக்கீல் சொன்னது
தவறென்று நான் வாதாடவில்லை.

புவனோஸ் ஐரெஸிலிருந்து தகர டின் வர ஒன்பது நாள்.
அதுவரை சைக்கிள்.
வந்ததும் புது சீல், புது லைனிங்,
மறுபடி முதுகுக்குக் கீழே அட்டை.
பம்பைப் பிடித்து அழுத்த அழுத்த
குளிரில் தேன் போல் இறங்க மறுத்தது.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பார்க்க வேண்டிய வேலை இது.
விட்டேன், உண்மையாகவே,
துளை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு இடது கண்ணில் விழுந்தது.
கார் மங்கியது. வாய் மட்டும் சிரித்தது.

பிறகு நூலாய் வழிந்தது.
துடைக்காமல் படுத்திருந்தேன்.
நூல் சொட்டானது.
சொட்டு நின்றது.
போதும் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டேஷ்போர்டு அறையில் ஒரு மருந்துச் சீட்டு வைத்தேன்:
கந்தகம் கூடாது.
ஊற்றாதே, தொட்டுப் பார்.
சமதரையில், விளிம்பு வரை.
தேதியும் போட்டேன், பழக்கதோஷம்.

அவன் வாரம் கழிந்து வண்டி வந்தது.
சீட்டின் பின்பக்கம் அவன் எழுத்து:
தொட்டேன். இருக்கிறது.
நம்பாமல் கீழே புகுந்தேன்.
விரலை மடக்கி உள்ளே விட்டேன்.
நகம் நனைந்தது, கணு நனையவில்லை.
முகர்ந்தேன். விளக்கெண்ணெய்தான்.

பின்சீட்டில் நாய் முடி.
பெட்ரோல் முள்
எப்போதும்போல் தரையில்.