சுடாத நெற்றி

ராத்திரி முழுக்க ஜெல்லில் ஓடியதை
விடிந்ததும் படமெடுத்துப் பார்க்கிறேன்.
மூன்று தடங்கள்.
அப்பாவுக்கு மெல்லிய கோடு.
அம்மாவுக்கும் மெல்லிய கோடு.
மூன்று வயது தர்வினுக்கு
முப்பத்து மூன்றுக்கு நேரே
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் வெறுமை.

மறுபடி ஓட்டினேன்.
ஆக்டின் மூன்றிலும் கறுப்பாக நிற்கிறது.
ஆக, பிழை என் கையில் இல்லை.

விமலேஸ்வரி பாயான் லெப்பாஸில்
இரவு ஷிப்டு முடித்து
நேராக பினாங்கு பெரியாஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள்.
நீலச் சட்டை, கழுத்தில் தொழிற்சாலை அட்டை.

"காதுக்குப் பின்னால சீழ் வச்சப்பகூட
காய்ச்சலே இல்ல மிஸ்.
மூணு கிளினிக்ல தொட்டுப் பாத்தாங்க.
டெமாம் இல்ல, வீட்டுக்குப் போன்னாங்க."

கிருமியைத் தடவிக் கண்டுபிடிக்கும் கை
செல்லின் விளிம்பில் இருக்கிறது.
தீ மூட்டும் ஆள் உள்ளே இருக்கிறான்.
நடுவில் ஒரு புரதம்.
எதையும் வெட்டாது, எதையும் எரிக்காது,
தனக்கென்று ஒரு வேலை கிடையாது அதற்கு.
ஒரு பக்கம் அதையும்
மறு பக்கம் இவனையும்
பிடித்துக்கொண்டு நிற்கும்.
அவ்வளவுதான்.
அது இவனுக்கு இல்லை.

இணைப்புப் புரதம் என்றேன்.
டாக்டர் ரோஸ்லான் மலாயில் ஒருமுறை சொன்னார்.
இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினாள்.
பிறகு கட்டைவிரல் நகத்தைப் பார்த்தபடி:

"ஈயம் விட்டுப்போன போர்டு.
சிப் இருக்கும், கம்பி இருக்கும்,
லென்ஸ்ல பாத்தாகூட பளபளன்னு இருக்கும்.
கரண்டு குடுத்தா லைட் எரியாது.
ஒரு சொட்டு, மிஸ்.
நாங்க அத தனியா
சிவப்பு டிரேயில வச்சிடுவோம்."

எட்டு வருடம் படித்தும்
நான் இதை இத்தனை சரியாகச் சொன்னதில்லை.

"ரீவொர்க் பண்ணலாமா?"

தினமும் மருந்து. தடுப்பூசிகள்.
லேசான தடிப்பு என்றாலும் ஓடிவர வேண்டும்,
சூடு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.
பதினான்கைத் தாண்டிவிட்டால்
உடம்பு வேறு வழிகளைப் பழகிக்கொள்ளும்
என்று கட்டுரைகளில் இருக்கிறது.
தாண்டாதவர்களின் கணக்கும்
அதே பக்கத்தில்தான் இருக்கிறது.
அதை நான் வாசிக்கவில்லை.

தர்வின் நாற்காலிக்கு அடியில்
பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து
எதையோ செய்துகொண்டிருந்தான்.
அவள் குனிந்து
அவன் நெற்றியில் கைவைத்தாள்.

குளிர்ச்சி.
இத்தனை நாள்
அவளை நிம்மதியாகத் தூங்கவைத்த
அதே குளிர்ச்சி.

கையை எடுக்கவில்லை.