கடைசி வரி

மல்லாவிச் சங்கக்கடையின் பின்னறை.
யூரியா மூட்டைகளில் சாய்ந்தபடி ஏழு பேர்.
போன மாதம் ஒன்பது.

உழவு மெசின் ஓட்டும் இன்பரூபன்
தன் கதையில் ஒரு மழையை வாசித்தான்.
"உந்த மழை ஆவணியில பெய்யாது," என்றார்
நீர்ப்பாசனத் திணைக்களத்துக் குலவீரசிங்கம்.
பேனை வாங்கி அங்கேயே
ஐப்பசிக்கு மாற்றினான்.

கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் கிருபாலினி.
கணக்குக் கொப்பியில் எழுதியிருந்தாள்
காணாமல் போன அண்ணனின் சைக்கிளை,
ஆரும் ஓடாத அதன் சில்லுகளுக்கு
ஞாயிறுதோறும் காற்றடிக்கும் அப்பாவை.

பவளராணியின் ரஸ்க்
தேத்தண்ணிக்குள் கரைந்து விழுந்தது.
அவள் கவனிக்கவில்லை.

பிறகு மெல்ல,
"கடைசி வரி வேண்டாம் பிள்ளை.
அவன் வருவான் எண்டு நீ எழுதத் தேவையில்லை.
சில்லில காத்து இருக்குத்தானே."

சரியான பேச்சு.
எல்லாரும் தலையாட்டினோம்.

கிருபாலினி கொப்பியை மூடினாள்.
"அது அப்பா சொன்ன வரி அக்கா.
அதில நான் கைவைக்கேலாது."

கரண்ட் வந்தது.
அடுத்தது நான்.
நாலு பக்கம் கொண்டு போயிருந்தேன்.
முதற்பக்கத்தைத் தேடுவதுபோல்
கனநேரம் தேடினேன்.