மூக்கு வந்த மாதம்

பச்சை வாசம் அடங்கிப் பழ வாசம் எழும்
அந்த ஒரு நிமிடத்தைக் கடிகாரம் சொல்லாது.
அப்பாவின் மூக்குதான் சொல்லும்.
"ம். டிரையருக்குத் தள்ளு."
கோத்தகிரிச் சந்தைக்குக் கீழே அந்த ஃபேக்டரியில்
பதினெட்டு வருடம்
அரைத்த இலையெல்லாம் செம்பு நிறத்தில் காத்துக்கிடந்தது
அந்த "ம்"முக்காக.

பிறகு ஒருநாள் ஒரு லாட் முழுக்கப் புளித்துவிட்டது.
பக்கத்தில் நின்றவருக்குத் தெரியவில்லை.
அவரே புளித்துப்போயிருந்தார்.

ஆரோக்கியம் என்று பெயர்.
பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடப்பார்.
"ஏம்மா, ஆரோக்கியம் கெட்டுப்போய்க் கிடக்கு,
வந்து தூக்கிட்டுப் போ" என்பார் டைம்கீப்பர்.
டிக்கெட் வாங்க நிற்பவர்கள் சிரிப்பார்கள்.
பத்தாவது படித்த நான்
ஒரு கையில் அவரையும்
மறு கையில் அவருடைய ஒற்றைச் செருப்பையும் பிடித்து ஏறுவேன்.
எங்கள் லைனுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
மூடுபனி நல்லது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.
முகம் தெரியாது.

அம்மாவின் தோட்டைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.
அதை அவரே சொல்லியிருக்கிறாராம்
ஞாயிறு மாலைகளில், சர்ச் ஸ்கூல் அறையில்,
மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து,
தன்னைப்போன்ற சிலரிடம்.
எங்களிடம் சொன்னது இரண்டே வார்த்தை,
தினமும், விளக்கணைக்கும் முன்:
"இன்னைக்கு இல்ல."

முதல் மாதம் நான் நம்பவில்லை.
இரண்டாம் மாதமும்.
அவர் தூங்கியதும் குனிந்து
வாயருகே முகர்ந்துவிட்டுத்தான் படுப்பேன்.
வீட்டில் அப்போது வேலைசெய்த மூக்கு
என்னுடையது ஒன்றுதான்.

நான்காம் மாதம். ஜூலை.
பள்ளிவிட்டு நனைந்து வந்தேன்.
அடுப்போரம் ஸ்வெட்டரை விரித்தேன்.
கட்டிலில் கிடந்தவர் தலையைத் தூக்கினார்,
நாய் தூக்குவதுபோல.
"பாப்பா, கம்பளி வாசம் வருதுடீ.
நனைஞ்ச கம்பளி."
எழுந்து வீடெல்லாம் நடந்தார்.
மண்ணெண்ணெய் என்றார்.
சுவரில் பூஞ்சணம் என்றார், அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்.
ஜன்னலைத் திறந்து தைலமரம் என்றார்.
பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய்
ஒன்றும் சொல்லாமல் நின்றார்.
அம்மா நகர்ந்து உட்காரவில்லை.
அந்த வருடம் அது பெரிய விஷயம்.

ஃபேக்டரியில் மறுபடி எடுத்தார்கள், கூட்டிப்பெருக்க.
இரண்டு வருடம் தூசி கூட்டினார்.
பழைய அறை வாசலில் மட்டும்
துடைப்பம் மெதுவாகப் போகும் என்பார் போஜன் அண்ணன்.
ஒரு ராத்திரி ஷிஃப்டில்
உள்ளே இருந்த பையன் கையைப் பிசைந்து நிற்க,
வாசலிலிருந்து ஒரு "ம்" கேட்டதாம்.
அப்புறம் துடைப்பத்தை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

பதினோரு வருடம்.
நாலாயிரத்துச் சொச்சம் "இன்னைக்கு இல்ல."
கடைசி ராத்திரியும் சொன்னார்,
ஆக்ஸிஜன் மாஸ்க்கைச் சற்றே விலக்கி.
மருந்தைக் கேட்கிறார் என்று நினைத்த நர்ஸ்
"குடுத்தாச்சு தாத்தா" என்றாள்.

அடக்கத்துக்கு எங்களுக்குத் தெரியாத ஒன்பது பேர் வந்தார்கள்.
ஊர் சொன்னார்கள், முழுப்பெயர் சொல்லவில்லை.
ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும்.
டைம்கீப்பர். என் முகத்தைப் பார்க்காமல்
மண் அள்ளிப் போட்டுவிட்டு
கையைத் துடைக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

குழி வெட்டியவர்கள் குளிருக்கு என்று காசு கேட்டார்கள்.
எந்தக் கடைக்குப் போகும் காசு என்று
எல்லோருக்கும் தெரியும்.
தம்பி முறைத்தான்.
நான் கொடுத்தேன்.
அப்பாவும் கொடுத்திருப்பார்.
"அவன் நாள் அவனோடது" என்றிருப்பார்.
சரியா என்று இன்னும் தெரியவில்லை.

ஆணியில் அவருடைய ஜெர்கின் தொங்குகிறது.
நேற்று, தூங்குகிறவரிடம் குனிவதுபோல,
காலரில் மூக்கை வைத்தேன். பழைய புத்தி.
தேயிலைத் தூசி. விக்ஸ்.
பாக்கெட்டில், யாருக்கோ வாங்கி,
நொறுங்கிப்போன ஒரு வர்க்கி.