வழி விடுதல்

ரிகா. ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
வீஸ்மா அம்மையார் ரௌட்டரை
ரொட்டிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். தகரப் பெட்டி.
இரவெல்லாம் பச்சைக் கண் சிமிட்டுகிறதாம்.

நான் பார்க்காத மறைவிடமா?
செருப்பு அலமாரி, துவைக்கும் இயந்திரத்தின் முதுகு,
ஒருமுறை ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்பளித் தொப்பிக்குள்.

வெளியே எடுத்தேன்.
விளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டினேன்.
அப்படியும் படுக்கையறையில் ஒரே கோடு.
நடுவில் மீன்தொட்டி. இருநூறு லிட்டர்,
ஒரு கிழட்டுக் கெளுத்தி.

"தண்ணீர் அலையைக் குடித்துவிடும்."
"சுவர்?"
"கொஞ்சம். உள்ளே கம்பி இருந்தால் நிறைய."
"நான்?"
யோசித்துச் சொன்னேன்:
"நீங்களும் பாதிக்கு மேல் தண்ணீர்தானே."

தொட்டியை நகர்த்த விடவில்லை. கெளுத்திக்குப் பிடிக்காதாம்.
ரௌட்டரை அலமாரி உச்சியில் ஏற்றினேன்.
மூன்று கோடு.

கையெழுத்து வாங்கும்போது அழைப்பு வந்தது.
ட்ரொம்சோவிலிருந்து மகன், மேசைமேல் திரையில்.
முகம் சதுரம் சதுரமாய் உடைந்து உடைந்து கூடியது.
அம்மையார் சட்டென எழுந்து
சுவரோரம் ஒதுங்கி நின்றார்,
குறுகிய படிக்கட்டில்
கட்டில் தூக்கி வருபவருக்கு ஒதுங்குவதுபோல்.

அங்கிருந்தே கத்தினார்:
"தாடியை எப்போது எடுத்தாய்?"