பொருள் எண் பதினேழு

தலைவர் மணியை இரண்டு தரம் தட்டுவார்.
முதல் தட்டு, முடிக்கச் சொல்வது.
இரண்டாவது, முடிந்துவிட்டது என்பது.
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம்
என்று விதியில் இல்லை.
அது பேசுகிறவர் எந்த வரிசையில்
உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

நான் ஓரத்து மேசையில் குறிப்பெழுதுகிறவன்.
பன்னிரண்டு வருஷமாக
இந்த மஞ்சக்குப்பத்துக் கூடத்தில்
யார் கத்தினாலும் ‘விவாதம் நடைபெற்றது’.
யார் எழுந்து போனாலும் ‘வெளிநடப்பு’.
மைக்கைப் பிடுங்கினால்
ஒன்றும் எழுதுவதில்லை.

அன்றைக்குப் பொருள் எண் பதினேழு:
பூங்காவிலுள்ள செயற்கை நீரூற்றுக்கு
வண்ண விளக்குகள் பொருத்துதல்,
மதிப்பீடு நான்கு லட்சத்து எண்பதாயிரம்,
மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்.

அஞ்சலாட்சி எழுந்தார்.
முதுநகர்ப் பக்கம், உப்பனாற்றை ஒட்டிய வார்டு.
முதல் தடவை ஜெயித்தவர்.
‘தலைவர் அவர்களே’ என்பதற்குப் பதில்
‘அண்ணே’ என்று ஆரம்பித்துவிட்டு
பின்வரிசை சிரித்ததும் திருத்திக்கொண்டார்.

“ஊத்துக்கு வெளக்குப் போடுங்க, வேணாங்கல.
எங்க தெருக் குழாத் தண்ணியில
ஒல வச்சா சோறு மஞ்சளாவுது.
பாக்குறவங்க
பிரியாணியான்னு கேக்குறாங்க.”

டங்.
“பொருளுக்கு வெளியே பேசக் கூடாது.”

அவர் தலைவரைப் பார்த்தார்.
அச்சடித்த தாளைப் பார்த்தார்.
கட்டைப்பைக்குள் கையை விட்டு
ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து
தாளின்மேல், பதினேழின் மேலேயே, வைத்தார்.
“இதாங்க பொருளு.”

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.
அவைக்குள் பாட்டில் வரலாமா என்று ஒருவர்.
எந்த விதி தடுக்கிறது என்று இன்னொருவர்.
குடிப்பதற்குக் கொண்டுவந்திருந்தால் தடையில்லை
என்றார் சட்டம் படித்த உறுப்பினர்.
“அப்பக் குடிங்க” என்றார் அஞ்சலாட்சி.

டங்.

பேசியது முழுவதையும்
குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார் தலைவர்.
நீக்கினேன். அண்ணே, சோறு, பிரியாணி,
எல்லாவற்றின்மேலும் ஸ்கேல் வைத்துக் கோடு.
நீரூற்று ஏகமனதாக நிறைவேறியது.
அஞ்சலாட்சி கையைத் தூக்கவில்லை.
தூக்காத கையை எண்ணும் வழக்கம் எங்களுக்கில்லை.

கூடம் காலியானதும் உதவியாளர் தரணிபதி
“சார், இதக் கொட்டிடவா?” என்றார்.
அடியில் மஞ்சள் தனியே படிந்திருந்தது.

நான் மறுபடி உட்கார்ந்து
ஒரு வரி சேர்த்தேன்:
‘உறுப்பினர் திருமதி அஞ்சலாட்சி அவர்களால்
பொருள் மேசைமீது வைக்கப்பட்டது.’
வரவு செலவுத் திட்டம் வைத்தாலும்
தணிக்கை அறிக்கை வைத்தாலும்
நாங்கள் எழுதும் அதே வரிதான்.

அடுத்த மாதம்
சென்ற கூட்ட நடவடிக்கைகள்
படித்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்டன.
தலைவர் பச்சை மையில் கையெழுத்திட்டார்.
யாரும் படிக்காததால்தான் அந்த வரி பிழைத்தது,
எனக்கும் தெரியும்.
குழாயில் அதே தண்ணீர்தான் என்கிறார் தரணிபதி,
அவர் மச்சினி வீடு அந்தத் தெருவில்.

பாட்டில் பீரோவில் இருக்கிறது,
தீர்மானப் புத்தகங்களுக்குப் பின்னால்.
மேசைமீது வைக்கப்பட்டதை
யாராவது ஒரு உறுப்பினர் கேட்டால்
எடுத்துக் காட்ட வேண்டும்.
அதுவும் விதிதான்.